நீரியல் பாடம் கிழமை முழுக்க விழுங்குது, நேரத்தை எப்பிடிப் பிரிக்கிறது?

2024 செப்டெம்பர் 8, கேள்வி

மூண்டாம் வருசம், சிவில். இந்த செமஸ்டரில ஆறு பாடம். மற்ற ஐஞ்சுக்கும் சேர்த்து எடுக்கிற நேரத்தை நீரியல் ஒண்டே எடுக்குது. கிழமைக்கு ஒரு ரியூட்டோரியல், ரெண்டு கிழமைக்கு ஒரு ரிப்போர்ட், அதோட களனி கங்கை வடிநிலத்தில (மழைத்தண்ணி அந்த ஆத்துக்கு வடியிற நிலப்பரப்பு) குறூப் புரொஜெக்ட். லெக்சர் விளங்குது. ஆனா கணக்கைச் செய்து முடிக்க விடிஞ்சு போகுது. இந்தப் பாடத்தை முடிச்ச அக்காமார், அண்ணாமார் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்? கொழும்பில, வெள்ளவத்தையில அறை எடுத்து இருக்கிறன். பஸ்ஸிலயே ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் போகுது.

செப்டெம்பர் 8, இரவு, பதில்

தங்கச்சி, முதல்ல மணித்தியாலத்தை எண்ணுங்கோ. எங்கட நாட்டுத் தகைமைச் சட்டகத்தில ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியால வேலை. லெக்சர், லேப், வீட்டில படிக்கிறது, சோதனைக்கு ஆயத்தப்படுத்துறது எல்லாம் அதுக்குள்ள. 3 கிரெடிட் பாடம் எண்டா 150 மணித்தியாலம், 15 கிழமைக்குப் பிரிச்சா கிழமைக்குப் பத்து. லெக்சரும் லேப்பும் அதில பாதியை எடுத்திடும். மிச்ச ஐஞ்சுதான் உங்கட மேசைக்கு. அதுக்கு மேல எவ்வளவு போகுது, எதில போகுது எண்டு கொப்பியின்ர கடைசி ஒற்றையில ரெண்டு கிழமைக்குக் குறிச்சு வையுங்கோ.

நான் மூண்டாம் வருசத்தில குறிச்சுப் பாத்தனான். கணக்குச் செய்யிறதுக்குப் போன நேரம் கொஞ்சம்தான். செய்த கணக்கில எங்க பிழை எண்டு தேடினதுக்குத்தான் கனக்கப் போயிருந்தது.

இந்தப் பாடம் மற்றப் பாடம் மாதிரி இல்ல. கொங்கிறீட் பாடத்தில ஒரு வளையை (பீம்) பிழையாச் செய்தா அந்த வளையோட அது முடிஞ்சிடும். நீரியலில முதல் கிழமை மழைமானிகளில இருந்து சராசரி மழை எடுப்பீங்கள். அடுத்த கிழமை அதில இருந்து ஊடுவடிதலை, அதாவது நிலத்துக்குள்ள இறங்கிற தண்ணியை, கழிப்பீங்கள். மிஞ்சின மழையை அலகு நீர்வரைபில (1 செ.மீ. மழை ஓடி வந்தா ஆத்தில பாய்ச்சல் நேரத்தோட எப்பிடி ஏறி இறங்கும் எண்ட வரைபு) போட்டு வெள்ளத்தை எடுக்கிறது அதுக்கடுத்த கிழமை. பிறகு அந்த வெள்ளத்தை ஆறு வழியா கீழ இறக்க வேணும். ஒரு கிழமையின்ர விடைதான் அடுத்த கிழமையின்ர கேள்வி. முதல் கிழமைப் பிழை ஐஞ்சாம் கிழமையில வெளிய வரும். அப்ப நீங்கள் ஐஞ்சாம் கிழமைக் கொப்பிக்குள்ளதான் அதைத் தேடுவீங்கள், அங்க அது இருக்காது.

அதால ஒவ்வொரு கணக்கையும் மூடுறதுக்கு முதல் ஒரு சரிபார்ப்பு. தீசன் பல்கோணியில (ஒவ்வொரு மழைமானிக்கும் அதைச் சுத்தியுள்ள பரப்பளவுக்கு ஏத்த நிறை குடுக்கிற முறை) நிறைகள் எல்லாம் கூட்டினா 1 வருதா? அலகு நீர்வரைபுக்குக் கீழ இருக்கிற தண்ணி, வடிநிலம் முழுக்க 1 செ.மீ. நிண்ட தண்ணிக்குச் சமமா? 36 சதுர கிலோமீற்றர் வடிநிலம் எண்டா 36,000 கன மீற்றர். மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாசிச்ச பாய்ச்சல்களைக் கூட்டி 3,600ஆல பெருக்கினா அந்தத் தொகை வர வேணும், அதாவது கூட்டுத்தொகை 10 வரவேணும். இதுக்கு ரெண்டு நிமிசம் காணும்.

செப்டெம்பர் 9, விடிய

மேல நான் எழுதினது பிழை. ஒரு தம்பி இரவே தனிய எழுதிச் சுட்டிக் காட்டியிருக்கிறார், அவருக்கு நன்றி. 36 சதுர கிலோமீற்றர் எண்டா 3 கோடியே 60 லட்சம் சதுர மீற்றர். அதில 1 செ.மீ. எண்டா 3,60,000 கன மீற்றர். கூட்டுத்தொகை 100 வர வேணும், 10 இல்ல. நான் 1 மி.மீ.க்குக் கணக்குப் பாத்திட்டன்.

மேல இருக்கிறதை அழிக்காமல் விடுறன். பிள்ளையளின்ர மூண்டு மணித்தியாலத்தைத் தின்னுறது சரியா இந்தப் பிழைதான். மழை மி.மீ.இல வரும், அலகு நீர்வரைபு செ.மீ.இல இருக்கும், பரப்பளவு வரைபடத்தில இருந்து ஹெக்டேயரில வரும். பத்து மடங்கு வித்தியாசம் வந்தா முதல்ல அலகைப் பாருங்கோ. சூத்திரம் பிழைச்சா விடை இவ்வளவு வட்டமா, பத்தாலயும் நூறாலயும் விலகாது.

செப்டெம்பர் 11

"ஹெக்-எச்எம்எஸ் சும்மா கிடைக்குது, அதில போட்டா அரை மணித்தியாலத்தில வரும், ஏன் கையால மாயிறீங்கள்" எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். மழையில இருந்து வெள்ளத்தைக் கணிக்க அமெரிக்க இராணுவப் பொறியியல் படையணி செய்த மென்பொருள் அது, உண்மையில நல்லது, நான் வேலையில ஒவ்வொரு நாளும் பாவிக்கிறன். ஆனா அது பிழையான மழைக்கும் வடிவான வரைபு தரும். ஒருக்காவாவது கையால செய்தவனுக்குத்தான் அந்த வரைபைப் பாத்தவுடன "இது இவ்வளவு கெதியா ஏறாதே" எண்டு தோணும்.

என்ர பழக்கம்: சின்ன வடிநிலத்தைக் கையால, பெரியதை மென்பொருளில. கையால செய்யிறதை ஆறு நேரப் படிக்கு (கணக்குக்கு நேரத்தை வெட்டி எடுக்கிற துண்டு) மேல நீட்டாதீங்கோ. ஆறிலயே விளங்கியிடும். முப்பது வரி செய்தாத்தான் உழைப்பு எண்டு நினைச்சு எங்கட பெட்ச் பிள்ளையள் கனபேர் நித்திரை முழிச்சவை.

செப்டெம்பர் 15

பிந்திப் போனவைக்கு எண்டு தனிய எழுதச் சொல்லி மூண்டு பேர் கேட்டினம். எனக்கு நடந்ததைச் சொல்லுறன்.

நாலாம் கிழமையில எனக்கு டெங்கு. கொழும்பில மழை விட்ட கையோட வாற வழமையான டெங்குதான். பத்து நாள் படுக்கை. திரும்பி வர மூண்டு ரியூட்டோரியலும் ஒரு ரிப்போர்ட்டும் நிலுவை. நான் செய்தது, பழையதில இருந்து தொடங்கினது. நாலாம் கிழமையை முடிக்க ஆறாம் கிழமை போயிட்டுது, ஆறாம் கிழமை லெக்சரில இருந்தும் எனக்கு ஒண்டும் ஏறேல்ல, ஏனெண்டா என்ர மண்டை நாலிலயே நிண்டது. எட்டாம் கிழமை இடைத் தேர்வு. 31 புள்ளி. பிந்தின ரிப்போர்ட்டை எடுக்க மாட்டன் எண்டு லெக்சரர் சொல்லிப்போட்டார், மருத்துவச் சான்றிதழ் குடுத்தும் அதுக்குப் புள்ளி இல்ல. அது நியாயம் இல்ல எண்டு இண்டைக்கும் நினைக்கிறன்.

இப்ப எண்டா நேர்மாறாச் செய்வன். இந்தக் கிழமைக் கணக்கில இருந்து தொடங்குவன். அதுக்குத் தேவையான போன கிழமை விடையை ஒரு கூட்டாளியிட்டக் கேட்டு வாங்கி, தரப்பட்டது எண்டு எடுத்துக்கொண்டு இதை முடிப்பன். லெக்சர் ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில நான் நிக்க வேணும். பழையதை ஞாயிற்றுக்கிழமைகளில ஒவ்வொண்டாத் திருப்பிச் செய்து கொண்டு வரலாம். இந்தப் பாடத்துக்கு மட்டும்தான் இதைச் சொல்லுவன், ஏனெண்டா இங்க ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ள போறது எது, வெளிய வாறது எது எண்டு தெளிவாத் தெரியும். வேறொருத்தற்ற மழையை வாங்கி உங்கட வெள்ளத்தைக் கணிக்கலாம்.

செப்டெம்பர் 16

"அது கொப்பியடிக்கிறது இல்லையா அக்கா" எண்டு கேள்வி. நியாயமான கேள்வி. நேற்று நான் அதை விட்டிட்டன். ரெண்டு நிபந்தனை: லெக்சரரிட்ட முதலே சொல்லிக் கேட்க வேணும், ரிப்போர்ட்டில "இந்த மழைத் தரவு இன்னாற்ற கணிப்பில இருந்து எடுத்தது" எண்டு எழுத வேணும். சொல்லாமல் செய்தா அது களவுதான். கேட்டா அநேகமான லெக்சரர்மார் ஓம் எண்டு சொல்லுவினம். எனக்குக் கேட்கப் பயமா இருந்தது. ஏ/எல் வரைக்கும் தமிழில படிச்சிட்டு வந்து, இங்கிலீஸில ஒரு மெயில் எழுத அரை நாள் யோசிச்ச காலம் அது. நாலு வரி எழுதினாக் காணும், இலக்கணத்தை ஒருத்தரும் பாக்கிறதில்ல.

செப்டெம்பர் 22

மேல இங்கிலீஸைப் பற்றி எழுதின பிறகு கனக்க யோசிச்சன். எங்கட பிள்ளையளுக்கு இந்தப் பாடத்தில போற மேலதிக நேரத்தில ஒரு பங்கு கணக்கில போறேல்ல, சொல்லில போகுது. பள்ளிக்கூடத்தில புவியியல் படிச்சவைக்கு ஊடுவடிதல், கழுவுநீர், தரைக்கீழ்நீர் எல்லாம் தெரிஞ்ச சங்கதி. இங்க வந்தா இன்ஃபில்ட்ரேஷன், ரன் ஓஃப், கிறவுண்ட் வோட்டர் எண்டு புதுசு மாதிரித் தெரியும். புவியியல் படிக்காமல் வந்தவைக்கு அந்தத் தமிழ்ச் சொல்லும் இல்ல.

நான் ஒரு சதுர ரூல் கொப்பியை நடுவில கோடு போட்டு ரெண்டாப் பிரிச்சு வச்சிருந்தனான். இடப்பக்கம் லெக்சரில வந்த சொல், வலப்பக்கம் எங்கட சொல்லும் ஒரு வரி விளக்கமும். அது அகராதி மாதிரி இருக்கத் தேவையில்ல. "பேஸ் ஃப்ளோ: மழை நிண்ட பிறகும் ஆத்தில ஓடுற தண்ணி, நிலத்துக்குள்ள இருந்து கசிஞ்சு வாறது." இவ்வளவுதான்.

அதை எழுதேக்கதான் ஒரு பொருளுக்கு மூண்டு பேர் இருக்கிறது தெரிஞ்சது. எக்ஸெஸ் ரெயின்ஃபோல், நெட் ரெயின்ஃபோல், எஃபெக்டிவ் ரெயின்ஃபோல் மூண்டும் வெள்ளக் கணக்கில ஒண்டுதான்: பெய்ததில ஊடுவடிஞ்சதும் தேங்கினதும் போக ஓடுற பங்கு. ரெண்டு புத்தகத்தைப் பக்கத்தில வச்சு இது வேற அது வேற எண்டு நான் ஒரு பின்னேரம் முழுக்க வீணாக்கினனான்.

செப்டெம்பர் 23

நேற்று எழுதினதுக்கு ஒரு முக்கியமான சேர்க்கை. நீர்ப்பாசனப் பாடத்தில எஃபெக்டிவ் ரெயின்ஃபோல் எண்டா அர்த்தம் வேற: பயிருக்கு உதவுற மழை, வேர் குடிக்கிற பங்கு. வெள்ளக் கணக்கில ஓடிப் போற பங்கு. கிட்டத்தட்ட நேரெதிர். ரெண்டு பாடமும் ஒரே செமஸ்டரில வாறவை இதைக் கொப்பியில சிவப்பால எழுதி வையுங்கோ. கமக்காரனுக்கு நிலத்துக்குள்ள இறங்கினதுதான் பலன், வெள்ளத்தைப் பாக்கிறவனுக்கு இறங்காததுதான் கணக்கு. என்ர அப்பா கிளிநொச்சியில வயல் செய்யிறவர், இதை அவருக்குச் சொன்னபோது "அப்ப நீங்கள் எங்களுக்குத் தேவையில்லாத மழையைப் பற்றியோ படிக்கிறியள்" எண்டு கேட்டார். அந்த ஒரு கேள்வியோட எனக்கு அது மறக்கேல்ல.

செப்டெம்பர் 29

தங்கச்சி ரெண்டு கிழமைக் கணக்கைப் போட்டிருக்கிறா. லெக்சர், லேப் தவிர்த்து கிழமைக்கு 14 மணித்தியாலம். அதில வரைபு கீறி நிறம் போட்டு எக்செல்லில அழகுபடுத்த மட்டும் நாலு. ரிப்போர்ட்டின்ர முன்னுரை எழுத ரெண்டு.

முன்னுரையில நீரியல் வட்டத்தை ஒருத்தரும் வாசிக்கிறதில்ல, தங்கச்சி. தேவையில்ல. எந்த வடிநிலம், எந்தத் தரவு, எந்த முறை, ஏன் அந்த முறை எண்டு நாலு வசனம் காணும். வரைபு ஒரு நிறம் போதும், ஆனா அச்சில அலகு இருக்க வேணும். மழையை மேல தலைகீழாப் போட்டு, நீர்வரைபைக் கீழ அதே நேர அச்சில போடுங்கோ. பாக்கிறவருக்கு மழை எப்ப உச்சம், ஆறு எப்ப உச்சம் எண்டு ஒரு பார்வையில தெரியும். அந்த ஒரு படத்தை ஒருக்கா வார்ப்புரு மாதிரிச் செய்து வச்சா செமஸ்டர் முழுக்கத் தரவை மட்டும் மாத்தலாம்.

ஆறு மணித்தியாலத்தை ரெண்டாக்கினா 14 பத்தாகும். பத்தும் கூடத்தான், அது தெரியும்.

ஒக்டோபர் 6

முதல் கிழமையில நான் எழுதினதை எல்லாம் இருந்து வாசிச்சன். எல்லாம் தனிய இருந்து செய்யிற ஆளுக்கு எழுதின மாதிரி இருக்கு. அது என்ர பழக்கத்தில இருந்து வந்தது, அதை இப்ப திருத்துறன்.

நான் இந்தப் பாடத்தை ரெண்டாந்தரம்தான் சித்தியடைஞ்சனான், அதுவும் குப்பியால, பிள்ளையள் தாங்களே கூடிப் படிக்கிற வகுப்பால. ரிப்பீட் எழுதுற ஐஞ்சு பேர். சனிக்கிழமை பின்னேரம் ஒரு சீனியர் அண்ணா பழைய வினாத்தாளோட வருவார். அவர் செய்து காட்டினது கொஞ்சம். எங்களில ஒருத்தரைப் பலகைக்கு அனுப்பிச் செய்யச் சொல்லுவார், மற்ற நாலு பேரும் பாத்துக்கொண்டு இருக்க வேணும், பிழை விட்ட உடன சொல்லக் கூடாது, அந்த வரி முடியட்டும் எண்டுவார். பலகையில நிண்டு அலகு மாறிப் போறதை ஒருக்கா அனுபவிச்சா பிறகு விடாது. வீட்டில மூண்டு மணித்தியாலம் தேடுற பிழையை அங்க இன்னொருத்தற்ற கண் அரை நிமிசத்தில பிடிக்கும்.

நான் அறையில தனிய மினக்கெட்டதுக்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டு அன்ரி பத்து மணிக்கு லைற்றை நிப்பாட்டிப்போடுவா, அதால பின்னேரத்தை ஒருத்தரோடயும் பங்கு போட மனம் வரேல்ல. பங்கு போட்டிருந்தா பத்து மணிக்கு முதலே முடிஞ்சிருக்கும்.

குப்பிக்கு ஒரு எல்லை: ஐஞ்சு பேருக்கு மேல வேண்டாம். பன்னிரண்டு பேர் வந்தா அது இன்னொரு லெக்சர்.

ஒக்டோபர் 13

இண்டைக்குப் படிப்பைப் பற்றி எழுத மனம் இல்ல. ஆனா இதுவும் அந்தப் படிப்புத்தான்.

ரெண்டு நாளா மழை. களனி கங்கை ஏறிட்டுது, கடுவலை, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி. உங்கட புரொஜெக்ட் இந்த ஆறுதானே. நீர்ப்பாசனத் திணைக்களம் சில மணித்தியாலத்துக்கு ஒருக்கா நீர்மட்ட அறிக்கை போடுது. இண்டைக்கும் நாளைக்கும் அதை இறக்கி வையுங்கோ. கிதுல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி: மேல இருந்து கீழ, ஒரே ஆறு. மேல உள்ள இடத்தில உச்சம் வந்து இறங்கத் தொடங்கின பிறகும் கீழ ஏறிக்கொண்டிருக்கும். கீழ வரவர உச்சம் மெதுவாவும் பரந்தும் வரும். ரூட்டிங் எண்டு நீங்கள் பன்னிரண்டாம் கிழமை படிக்கப் போறது இப்ப உங்கட கண்ணுக்கு முன்னால நடக்குது.

அந்த அறிக்கையில ஒண்டு கவனம். ஹங்வெல்ல மீற்றரில இருக்கும், நாகலகம் வீதி அடியில இருக்கும். ஹங்வெல்லையில 8 மீற்றர் வெள்ள மட்டம், நாகலகம் வீதியில 5 அடி வெள்ள மட்டம். ரெண்டையும் ஒரே நிரலில போட்டு வரைபு கீறின குறூப் எங்கட பெட்சில இருந்தது. நாகலகம் வீதி கடலுக்குக் கிட்ட, வற்றுப்பெருக்கும் அங்க சேரும். அதால அங்க மட்டம் கூடினா அது முழுக்க ஆத்துத் தண்ணி எண்டு எடுக்க ஏலாது.

எங்கட குறூப்பில ஒரு பெடியன்ர வீடு கொலன்னாவையில. 2016 மே மாத வெள்ளத்தில அவையின்ர வீட்டுக்குள்ள தண்ணி நாலு நாள் நிண்டது. தண்ணி வத்தின பிறகு நாங்கள் சுத்தம் செய்ய உதவிக்குப் போனனாங்கள். முன் அறைச் சுவரில ஒரு கோடு, மண்ணிறத்தில, நேர் மட்டமா, பலகையால கீறின மாதிரி. என்ர நெஞ்சு உயரத்துக்கு. அவற்ற அம்மா அதுக்கு மேல மாட்டியிருந்த சாமிப்படத்தை மட்டும் துடைச்சுக்கொண்டு இருந்தா. அவன் உள்ள போய் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து நிலத்தில இருந்து அந்தக் கோட்டுக்கு அளந்தான், 1.22 மீற்றர். "ரிப்போர்ட்டில போடு" எண்டு சொன்னான். போட்டம். எங்கட மாதிரியின்ர விடையை அந்தச் சுவரோடதான் ஒப்பிட்டுப் பாத்தம். அதுக்குப் பிறகு சரிபார்ப்பு எண்டது புள்ளிக்குச் செய்யிற வேலையா எனக்குத் தெரியேல்ல.

தாழ்வான இடத்தில அறை எடுத்து இருக்கிறவை கவனமா இருங்கோ. கொப்பியளை அலுமாரிக்கு மேல வையுங்கோ.

ஒக்டோபர் 20

"2016இல ஒருக்கா, பிறகு இந்த வருசம் ஜூனிலயும் ஒக்டோபரிலயும், அப்ப 100 வருச வெள்ளம் எண்டு சொல்லுறது பொய்யா" எண்டு ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இந்த வெள்ளங்கள் 100 வருச வெள்ளம் எண்டு நான் சொல்லேல்ல. அதோட அந்தப் பேரே ஆக்களைக் குழப்புது. 100 வருசத்துக்கு ஒருக்கா வரும் எண்டு அர்த்தம் இல்ல. எந்த ஒரு வருசத்திலயும் அதுக்குச் சமனாவோ கூடவோ வாறதுக்கு 1 வீத வாய்ப்பு. 30 வருசம் கடன் கட்டி ஒரு வீடு வாங்கினா, அந்த 30 வருசத்துக்குள்ள ஒருக்காவாவது வாற வாய்ப்பு: 0.99ஐ 30 தரம் பெருக்கி ஒண்டில இருந்து கழியுங்கோ. 26 வீதம். நாலில ஒண்டு.

நேரக் கணக்குக்குத் திரும்பி வாறன். மீள்வருகைக் காலமும் (மேல சொன்ன 100 வருசம் மாதிரி) கம்பெல் பரம்பலும் (உச்ச வெள்ளங்களின்ர வாய்ப்பைக் கணிக்கிற முறை) பாடத்தின்ர கடைசியில வரும், எல்லாரும் களைச்சுப் போன நேரம். ஆனா இந்தப் பகுதி மற்றதில தங்கி இல்ல. வருசாந்த உச்சங்களை இறங்கு வரிசையில அடுக்கி, வரிசை இலக்கத்தை மொத்த எண்ணிக்கையோட ஒண்டு கூட்டினதால பிரிச்சா அந்த வெள்ளத்துக்கான வாய்ப்பு வரும். ஏ/எல் கணிதத்தோட இப்பவே செய்யலாம். இடையில ஒரு இலகுவான கிழமை வந்தா இதை முடிச்சு வையுங்கோ. சங்கிலிக்கு வெளிய இருக்கிற ஒரே துண்டு இதுதான்.

நவம்பர் 3

தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தன். தங்கச்சி களவேலையைப் பற்றிக் கேட்டிருந்தா, பிந்தி எழுதுறன்.

ஓட்டமானி (தண்ணி ஓடுற வேகத்தை அளக்கிற கருவி) பிடிக்கிற நாளில எல்லாரும் ஆத்தங்கரையில நிண்டு வாசிப்பு எழுதுறதைப் பத்தி யோசிப்பினம், ஆழத்தைப் பத்தி யோசிக்க மாட்டினம். ஆழம் குறைஞ்ச இடத்தில மேற்பரப்பில இருந்து 0.6 ஆழத்தில ஒரு வாசிப்பு, ஆழமான இடத்தில 0.2லயும் 0.8லயும் எடுத்துச் சராசரி. முதலே வெறும் அட்டவணையைக் கீறி, எந்த ஆழத்துக்கு எந்த இடத்தில மானி நிக்க வேணும் எண்டு போட்டுக்கொண்டு போனா, அங்க நிக்கிற நேரம் பாதியாகும். மழைக்குள்ள பேனை எழுதாது, பென்சில் கொண்டு போங்கோ.

ஒத்திகை பாக்க வெள்ளவத்தைக் கால்வாய் காணும், உங்களுக்கு நடை தூரம். நாங்கள் ரெண்டு பேர் ஒரு தோடம்பழத்தோட போனனாங்கள். கரையில 10 மீற்றர் அளந்து ரெண்டு தடி நட்டு, மேல இருந்து பழத்தைப் போட்டம். அது முக்கால்வாசி தாழ்ந்து மிதக்கும், அதால காத்து அதை இழுக்காது. 25 செக்கன். மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர், 0.85ஆல பெருக்கினா சராசரி வேகம் 0.34. அடுத்த நாள் அதே இடத்தில போட்டம், பழம் நிண்ட இடத்தில நிண்டது, பிறகு மெல்லப் பின்னுக்கு வந்தது. கடல் பெருகி வாயை அடைச்சிருந்தது. கொழும்பில அடைமழை நேரம் தண்ணி ஏன் வடியுதில்ல எண்டதுக்கு அந்தப் பழம் காட்டினதை விட வேற விளக்கம் எனக்குத் தேவைப்படேல்ல.

நவம்பர் 5

ஒருத்தர் கேட்டிருக்கிறார், நித்திரையைப் பத்தி ஏன் ஒண்டும் எழுதேல்ல எண்டு. உண்மை. இரவு ஒரு மணிக்குப் பிறகு நான் செய்த கணக்கு எல்லாத்தையும் அடுத்த நாள் திருப்பிச் செய்தனான். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியேல்ல.

நவம்பர் 17

தங்கச்சி இப்ப ரூட்டிங்கில நிக்கிறா. "மஸ்கிங்கம் குணகம் ஒண்டு மறையா (மைனஸில) வருது, மூண்டு தரம் செய்தன், இரவு ரெண்டு மணி" எண்டு எழுதியிருக்கிறா.

முதல்ல பேரைப் பாத்துப் பயப்பட வேண்டாம், மஸ்கிங்கம் எண்டது அமெரிக்காவில ஒஹாயோவில ஓடுற ஒரு ஆறு, அந்த முறையை முதல் பாவிச்ச இடம். உங்கட கணக்கில கே (வெள்ளம் அந்த ஆத்துத் துண்டைக் கடக்க எடுக்கிற நேரம்) 12 மணித்தியாலம், எக்ஸ் (உள்ள வாற பாய்ச்சலுக்குக் குடுக்கிற நிறை) 0.2, நேரப் படி 4 மணித்தியாலம். ரெண்டு தரம் கே தரம் எக்ஸ் எண்டா 4.8. நேரப் படி அதை விடச் சின்னன், அதாலதான் முதல் குணகம் மறை. உங்கட பெருக்கலில பிழை இல்ல, நேரப் படிதான் பொருந்தேல்ல. 6 மணித்தியாலம் எடுங்கோ. 0.048, 0.429, 0.524 வரும். கூட்டிப் பாருங்கோ, 1.001, அந்த 0.001 கிட்டிய தசமத்துக்கு எடுத்ததால வந்தது, அதை விடுங்கோ. மூண்டும் சேர்ந்து ஒண்டு வராட்டி ஒரு வரியும் மேல போகக் கூடாது. வந்தா, ஒக்டோபர் 13 அண்டைக்கு நீங்கள் இறக்கி வச்ச ஹங்வெல்ல மட்டங்களை, நிரற்படுத்தல் வளையியால (எந்த மட்டத்துக்கு எவ்வளவு பாய்ச்சல் எண்டு காட்டுற வரைபு) பாய்ச்சலாக்கி, இதில போட்டுப் பாருங்கோ. இடையில சேர்ற ஓடைகளும் கடலும் கணக்கில இல்ல, அதால நாகலகம் வீதியோட சரியாப் பொருந்தாது. எவ்வளவு விலகுது, எந்தப் பக்கம் விலகுது எண்டதைத்தான் ரிப்போர்ட்டில எழுத வேணும்.

நவம்பர் 17, பின்னேரம்

0.048 வந்திட்டுதாம். சனிக்கிழமை மூண்டு மணிக்குக் குப்பி, ஐஞ்சு பேர் சேர்ந்திட்டினம் எண்டு எழுதியிருக்கிறா. எனக்கும் அண்டைக்கு வேலை இல்ல, வாறன். பழைய வினாத்தாளை நான் கொண்டு வாறன். பலகைக்கு முதல் நீங்கள் போங்கோ தங்கச்சி.